சாப்பிட்டு வந்து சொல்லு

வேலூர் லாங் பஜாரில் பூக்கடைகள் இருக்கும் பக்கமாக நேற்றுக் காலை நடந்து போய்க்கொண்டிருந்தேன். என் மைத்துனன் மகளுக்கு நிச்சயதார்த்தம், மாலை சொல்ல வேண்டியிருந்தது. கைவண்டி ஒன்று வழியை அடைத்து நின்றதால், மாலை கட்டுகிற ஓர் அம்மாவின் கூடைக்குப் பக்கத்தில் ஒதுங்கினேன். ரோஜாவுக்கு இடையில் வைத்துக் கட்டுவதற்காக அவர் திருநீற்றுப்பச்சையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். காம்பு ஒடிந்த இடத்திலிருந்து அந்த வாசனை கிளம்பி வந்தது. வண்டி எப்போது நகர்ந்தது என்றே எனக்குத் தெரியவில்லை. பின்னால் ஸ்கூட்டரில் வந்தவன் ஹாரன் அடித்து, "இன்னா சார், பூ வாங்கறீங்களா, வழி விடறீங்களா?" என்றான்.

அதே நேரத்தில்தான் நம் ஷூ கம்பெனியிலிருந்து போன் வந்தது. சாம்பிள் ரூமில் உன் இடத்துக்கு வந்திருக்கும் பெண். கெட்டிக்காரி. "சார், அடுத்த வாரம் பையர் வர்றாரு. ஹோட்டல் சாப்பாடு பிடிக்கலயாம். மெட்ராஸ்ல நல்ல இத்தாலியன் எங்க கெடைக்கும்? உங்களக் கேக்கச் சொன்னாங்க." ஒரு வாசனை, ஒரு கேள்வி, இரண்டும் ஒரே நிமிடத்தில் வந்து நின்றால் மனிதன் என்ன செய்வான்? அவளுக்கு ரெஜினா அம்மாவின் கடை விலாசத்தைச் சொன்னேன். எந்தத் திருப்பத்தில் திரும்ப வேண்டும், மாடிப்படி எந்தப் பக்கம் என்பதுவரை சொன்னேன். சொல்லி முடித்ததும், கோட்டை அகழிப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கேள்வி உன்னிடம் கேட்கப்பட வேண்டியது. வாணியம்பாடியிலிருந்து ஆம்பூர் கம்பெனிக்கு தினமும் வந்து போன நீதான், சென்னையில் நல்ல இத்தாலியச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்பதை ஒரு வாழ்நாள் காரியமாக எடுத்துக்கொண்டு தேடியவன்.

அது இத்தாலியில் தொடங்கியது. நாம் இருவரும் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நீ சாம்பிள் ரூம், நான் மெர்ச்சண்டைசிங். நம்மிடம் ஷூ வாங்கும் பையரின் ஊரில் ஒரு குளிர்காலம் முழுக்கப் பயிற்சி என்று இருவரையும் அனுப்பினார்கள். கடலோரமாக ஒரு சின்ன ஊர். எங்கே பார்த்தாலும் ஷூ செய்கிறவர்கள். ஆம்பூரிலிருந்து கிளம்பி மறுபடி ஆம்பூருக்கே வந்துவிட்டதுபோல் இருந்தது, குளிரைத் தவிர. தங்கியது ஒரு வயதான அம்மாளின் வீட்டு மாடியில். சாப்பாடும் அவர் பொறுப்பு. முதல் நாள் மேசையில் கறியைக் கொண்டுவந்து வைத்தபோது நீ கையெடுத்துக் கும்பிடாத குறையாக, வேண்டாம் என்றாய். உனக்கு ஹலாலாக இருக்க வேண்டும். அது மாட்டுக்கறி என்று தெரிந்ததும் நானும் தட்டைத் தள்ளினேன். எங்கள் குடியாத்தத்து வீட்டில் அது வழக்கமில்லை. அந்த அம்மாளுக்கு நம் பாஷை தெரியாது, நமக்கு அவர் பாஷை தெரியாது. இந்த இரண்டு பேருக்கும் எது ஆகும், எது ஆகாது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தக்காளியும் பூண்டும் எடுத்து வந்து, ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிக் காட்டி, "இது?" என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். நீ ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாய்.

அன்று முதல் நமக்குத் தக்காளிதான். தக்காளியும் ஸ்பகெட்டியும், பயறும் கீரையும், சில நாள் கடல்மீனும். நான் வீட்டுக்குப் போன் செய்தபோதெல்லாம் மிளகாய்த்தூளுக்கு ஏங்கி அழுதேன். நீ மாறிப்போனாய். முதல் வாரத்திலேயே அடுப்படியில் போய் நின்றுகொண்டாய். சன்னலில் தொட்டியில் வைத்திருந்த செடியிலிருந்து அவர் இலை பறித்துத் தந்தபோது, கசக்கி முகர்ந்து பார்த்துவிட்டு மாடிக்கு ஓடிவந்தாய்.

"டேய், இது நம்ம சப்ஜா செடிடா! எங்க அம்மி நோன்புக்கு சர்பத்துல போடுவாங்களே, அந்த வெதையோட எல! இத போய் இவங்க சோத்துல போட்டுத் தின்றாங்க!"

உன் விரல்களில் அந்தத் திருநீற்றுப்பச்சை வாசனை நாள் முழுக்க இருந்தது. பயிற்சி வகுப்பில்கூட நீ அடிக்கடி விரலை மூக்கருகே கொண்டுபோனதைப் பார்த்தேன்.

ஊர் திரும்பிய பிறகும் உனக்கு அது விடவில்லை. ஆம்பூரில், சீரகச்சம்பா பிரியாணி தினமும் தம் திறக்கிற ஊரில் இருந்துகொண்டு, அந்தத் தக்காளித் தட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாய். கம்பெனியில் எல்லோரும் கேலி செய்தார்கள். உனக்கு அது பிரியாணியிலிருந்து வேறான விஷயமே இல்லை. "அரிசியும் ஸ்பகெட்டியும் ஒண்ணுதான்டா. ஒரு நிமிஷம் ஜாஸ்தி ஆச்சின்னா கொழஞ்சிரும், கம்மி ஆச்சின்னா பேஜார். நடுவுல ஒரு கடி இருக்கணும்" என்பாய்.

சென்னையில் நமக்கு அடிக்கடி வேலை இருந்தது. ஏஜெண்டு அலுவலகத்தில் சாம்பிள் கொடுப்பது, தோல் கண்காட்சி, விமான நிலையத்தில் யாரையாவது அழைத்து வருவது. சாம்பிளுக்கான ஒற்றைக்கால் ஷூக்கள் நிறைந்த பெட்டியோடு விடியற்காலை ரயில் ஏறுவோம். வேலை முடிந்ததும் உன் முகத்தில் ஒரு களை வரும். "வா, இன்னிக்கி ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன்."

முதலில் போனது ஒரு மாலில். வெள்ளைக் குழம்பில் சோளமும் குடைமிளகாயும் மிதந்தன. மேலே உருகிய சீஸ், பக்கத்தில் கெச்சப் பொட்டலம். நீ ஒரு வாய் தின்றுவிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்தாய். "இது சேமியா உப்புமா. பால் ஊத்திட்டாங்க, அவ்ளோதான்." அடுத்து ஒரு நட்சத்திர ஹோட்டல். அங்கே வாசனை சரியாக இருந்தது. பரிமாறியவரிடம் குழம்பில் ஒயின் உண்டா என்று மெல்லக் கேட்டாய். உண்டு என்றார். சிரித்தபடி ரொட்டியை மட்டும் தின்றுவிட்டு, நான் முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். இன்னொரு இடத்தில், நம் பேச்சைக் கேட்டதும் சமையல்காரரே வெளியே வந்து, "சார் நம்ம ஊர்ப் பக்கமா? அப்ப கொஞ்சம் காரமா பண்ணட்டா?" என்று ஆசையாகக் கேட்டார். அவர் மனம் நோகக்கூடாது என்று "பண்ணுங்க பாய்" என்றாய். கறிவேப்பிலையோடு வந்தது. அதை மட்டும் நீ முழுக்கத் தின்றாய். வெளியே வந்து, "நல்ல மனுஷன், ஆனா இத்தாலிய அவரு மேப்புலகூடப் பாத்ததில்ல" என்றாய். தெருவில் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

ரெஜினா அம்மாவின் கடையை நீ எப்படிக் கண்டுபிடித்தாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடையாறு பக்கம் ஒரு சந்து. கீழே தையல் கடை, மேலே மாடியில் சில மேசைகள். புதுச்சேரிக்காரர். இத்தாலியில் ஒரு குடும்பத்தில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் வெகுகாலம் இருந்துவிட்டு, அங்கே கற்ற சமையலோடு திரும்பியவர். நீ உட்கார்ந்ததும் உன் வழக்கமான கேள்வியைக் கேட்டாய். அவர் உன் தாடியை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஒயின் இல்லாம பண்றேன் தம்பி. சட்டி பாத்திரமும் தனியாதான் வெச்சிருக்கேன். தைரியமா சாப்டு" என்றார்.

தட்டு வந்தது. நீ உடனே தின்னவில்லை. தட்டை லேசாகச் சாய்த்துப் பார்த்தாய், தண்ணீர் பிரிந்து நிற்கிறதா என்று. நிற்கவில்லை. ஒரு வாய் எடுத்தாய். மென்றாய். அப்புறம் முழுத் தட்டையும் தலை தூக்காமல் தின்றுவிட்டு, ரொட்டியால் தட்டை வழித்து, அந்த ரொட்டியையும் வாயில் போட்டுக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாய். உன் கண்கள் கலங்கியிருந்தன. "அந்தம்மா வீடுடா" என்றாய்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை போனோம். ஒருமுறை எப்போதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் ஒரு பையரை அங்கே அழைத்துப் போனோம். சாம்பிளில் ஆயிரம் குறை சொன்ன மனிதன், அந்தத் தட்டின் முன்னால் பேச்சை நிறுத்தினான். பிறகு அவனும் ரொட்டியால் தட்டை வழித்தான். மேசைக்குக் கீழே நீ என் காலை மிதித்தாய். நானும் உன் காலை மிதித்தேன். பள்ளிக்கூடப் பையன்கள்போல இருந்தோம், இருவருக்கும் அப்போதே தலை நரைக்கத் தொடங்கியிருந்தாலும்.

உன் குரல் கம்மத் தொடங்கியபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குளிர்ந்த தண்ணீர், ஃபேன் காற்று என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். பிறகு ஒருநாள் கேன்டீனில் இட்லி தொண்டையில் நிற்கிறது என்றாய். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். தொண்டையில் கட்டி என்று தெரிந்தது. அன்று மாலை நீ எனக்குப் போன் செய்து, "கரண்ட் வெக்கணுமாம் தோஸ்த். வாயி கொஞ்ச நாளைக்கி வேல செய்யாதாம்" என்று, ஏதோ மெஷின் ரிப்பேருக்குப் போவதைச் சொல்வதுபோலச் சொன்னாய்.

கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்த வாரங்களில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துத் தங்கினீர்கள், நீயும் உன் மனைவி நஸ்ரீனும். வேலை விட்டு நேராக பஸ் ஏறி நான் அங்கே வருவேன். வாரத்துக்கு வாரம் நீ இளைத்தாய். கழுத்துத் தோல் கருத்துப்போனது. எச்சில் வற்றிவிட்டது. பக்கத்தில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில். "எதத் தின்னாலும் களிமண்ணு மாதிரி இருக்குடா. தண்ணிகூட துருப்புடிச்ச இரும்பு மாதிரி இருக்கு" என்றாய். பிறகு விழுங்கவும் முடியாமல் போய், மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். கஞ்சித் தண்ணீரும் பாலும் அந்தக் குழாய் வழியாகப் போயின. உன் நாக்குக்குத் தெரியாமலே உன் வயிறு நிறைந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் ஒருநாள் கேட்டாய்.

"நாளைக்கி மெட்ராஸ் போறியாமே?"

"ஆமா. ஏஜெண்டு ஆபீசுக்கு. சாம்பிள் குடுக்கணும்."

"ரெஜினாம்மா கடைக்குப் போ. சாப்ட்டு வந்து சொல்லு."

எனக்குக் கோபம் வந்தது. "உனக்கின்னா பைத்தியமா? நீ இப்டிக் கெடக்கறப்போ, நான் போயி நல்லாத் தின்னுட்டு வந்து உன்கிட்ட கத சொல்லணுமா?"

நீ மூச்சு வாங்கிக்கொண்டு, வார்த்தை வார்த்தையாகச் சொன்னாய். "நான் சாப்ட முடியாது. நீயும் சாப்டலன்னா யாருக்கு இன்னா லாபம்? போ."

போனேன். அந்த மேசையில் தனியாக உட்கார்ந்தேன். ரெஜினா அம்மா, "தம்பி வரலயா?" என்று கேட்டார். சொன்னேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். தட்டு வந்தது. தின்றேன். என்ன தின்றேன் என்று கேட்டால் தெரியாது. மறுநாள் உன் முன்னால் வந்து உட்கார்ந்ததும் நீ கேட்டாய், "எப்டி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"அப்டின்னா?"

"நல்லா இருந்துச்சுடா. எப்பவும்போல."

நீ கண்ணை மூடிக்கொண்டாய். பிறகு உன் கம்மிய குரலில், சாம்பிள் ரூமில் பேசுகிற தோரணையிலேயே ஆரம்பித்தாய். "சாம்பிள ரிஜெக்ட் பண்ணிட்டு, பையர் வெறும்ன நல்லா இல்லன்னு எழுதுனா ஒத்துப்பியா நீ? எங்க டைட்டு, எங்க லூசு, எந்தத் தையல் விட்டுச்சுன்னு கேப்ப இல்ல? அப்டிச் சொல்லு. இல்லன்னா போவாத."

அடுத்த முறை நான் வேறு மாதிரி போனேன். ஒவ்வொரு வாயையும் நிறுத்தி நிறுத்தித் தின்றேன். நாக்கின் எந்த இடத்தில் எது தெரிகிறது என்று கவனித்தேன். பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை. ரயிலில் திரும்பும்போது சொற்களைக் கோத்துக்கொண்டே வந்தேன், மறந்துவிடக்கூடாதே என்று.

"மொதல்ல தக்காளி இனிப்பாதான் வந்துச்சுடா. நம்ம நாட்டுத் தக்காளி மாதிரி எடுத்த எடுப்புல புளிக்கல. மென்னு முழுங்கறப்போதான் ரெண்டு கன்னத்துகிட்டயும் புளிப்பு புடிச்சுது."

"பூண்டு?"

"வெள்ளையாவே இருந்துச்சு. லேசா மஞ்சள். கருகல."

"கருகலயா? பாத்தியா?"

"தனியா எடுத்துக் கடிச்சுப் பாத்தேன். அவிஞ்ச கெழங்கு மாதிரி நசுங்குச்சு. காரமே இல்ல."

"ம். சொல்லு."

"எண்ண ஒதட்டுல நின்னுச்சு. தொடச்சாலும் போவல. ஸ்பகெட்டி நடுவுல நீ சொல்ற அந்தக் கடி இருந்துச்சு. ரொட்டி மேல்பக்கம் மொறமொறன்னு இருந்து மேல் வாயக் கொஞ்சம் கீறிடுச்சு."

உன் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. வலித்திருக்கும், முகம் சுளித்தாய். நான் நிறுத்தினேன். நீ கையசைத்தாய், நிறுத்தாதே என்று.

அது நோன்பு மாதம். உன்னால் நோன்பு வைக்க முடியவில்லை என்பது உனக்குக் குழாயைவிடப் பெரிய வருத்தம். நஸ்ரீன் வைத்துக்கொண்டிருந்தாள். நான் பேச ஆரம்பித்தால் துப்பட்டாவால் காதை மூடிக்கொண்டு எழுந்து வராந்தாவுக்குப் போவாள். "அல்லாவே, நோன்பாளிய வெச்சிக்கிட்டு இன்னா பேச்சுண்ணா இது!" என்று அங்கிருந்தபடியே சிரிப்பாள். அந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்தச் சமயங்களில் மட்டும்தான். நீயும் சிரிப்பாய், சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க.

பெருநாள் கழிந்து, சிகிச்சை முடிந்து, குழாயை எடுத்தார்கள். குழைந்த உணவை மெல்ல விழுங்கலாம் என்றார் டாக்டர். நீ முதலில் கேட்டது அடையாறு போகத்தான். நஸ்ரீன் வேண்டாம் என்றாள். நான் கார் ஏற்பாடு செய்தேன். வாலாஜாபேட்டை தாண்டும்வரை தூங்கிக்கொண்டு வந்தாய். பிறகு விழித்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டாய். சட்டை உனக்கு இப்போது இரண்டு சுற்றுப் பெரிது.

ரெஜினா அம்மா உன்னைப் பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அதற்கு எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று நான் அறிவேன். நீ விழுங்குவதற்காகவே, பழைய ரொட்டியைத் தக்காளியில் கரைய வேகவைத்து, கஞ்சிபோல ஒன்று செய்து கொண்டுவந்தார். இத்தாலியில் வீட்டில் செய்வதாம். நீ ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தாய். கண்ணை மூடிக் காத்திருந்தாய். நானும் காத்திருந்தேன். சமையலறை வாசலில் அவரும்.

"ஒண்ணும் தெரியலடா" என்றாய்.

சின்னக் குரல். புகார் இல்லை, அழுகையும் இல்லை. பூட்டிய கடையின் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவனின் குரல். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது நீ உன் கிண்ணத்தை மேசை நடுவே நகர்த்தினாய்.

"நீயும் ஒரு ஸ்பூன் எடு. தின்னுட்டு சொல்லு. நீ சொல்லு, நான் முழுங்கறேன்."

அப்படித்தான் அந்தக் கிண்ணம் காலியானது. நான் ஒரு வாய் தின்று சொல்வேன். "ரொட்டி ஊறி, பஞ்சு மாதிரி இருக்கு. உப்பு சரியா இருக்கு. மொளகு ஒண்ணு நசுங்குது இப்ப." நீ அதைக் கேட்டுக்கொண்டே உன் ஸ்பூனை வாயில் வைத்து, சிரமப்பட்டு விழுங்குவாய். விழுங்கிவிட்டுத் தலையாட்டுவாய். அடுத்தது. சந்தில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கடையில் அப்போது வேறு யாருமில்லை. இருந்திருந்தாலும் நான் நிறுத்தியிருக்க மாட்டேன்.

சில மாதங்கள் நன்றாகத்தான் போயின. கம்பெனிக்கு அரைநாள் வந்தாய். இனிப்பு மட்டும் கொஞ்சம் தெரிகிறது என்று ஒருநாள் ஓடிவந்து சொன்னாய். அதற்குள் அந்தக் கட்டி திரும்பி வந்துவிட்டது, இந்த முறை நுரையீரலுக்கும் சேர்த்து. செய்வதற்கு அதிகம் இல்லை என்று டாக்டர் நஸ்ரீனையும் என்னையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். வாணியம்பாடிக்கு, உன் வீட்டுக்கே வந்துவிட்டாய்.

கடைசியாக நான் வந்த மதியம் உனக்குப் பேச்சு வரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய், என்னை நோக்கி நீட்டினாய். சாப்பிட்டாயா என்று கேட்டாயா, சாப்பிட்டதைச் சொல் என்றாயா, எனக்குப் புரியவில்லை. அன்று நான் சென்னை போகவில்லை. ரெஜினா அம்மா கடையைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. டிபன் பாக்ஸில் என் மனைவி கட்டிக் கொடுத்ததைத்தான் தின்றிருந்தேன். அதைச் சொன்னேன். கேழ்வரகுக் களி ஆறிப்போய்க் கொஞ்சம் இறுகியிருந்தது. விரலால் கிள்ளும்போது பிசுக்கென்று ஒட்டியது. கீரைக் கடைசலில் புளி கொஞ்சம் தூக்கல். காய்ந்த மிளகாய் ஒன்று வாயில் அகப்பட்டு, தண்ணீர் குடித்தும் காரம் போகவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நீ என் வாயையே பார்த்துக்கொண்டு கடைசிவரை கேட்டாய். பிறகு என் கையைப் பிடித்தபடி தூங்கிப்போனாய்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு, உன்னைத் தூக்கிக்கொண்டு போனோம். சந்தூக்குக்கு நானும் தோள் கொடுத்தேன். யாரும் என்னை விலக்கவில்லை. உன் அண்ணன்தான் கையைப் பிடித்து இழுத்து, "நீங்க முன்னால வாங்க" என்றார். மூன்று பிடி மண் போட்டேன். வீட்டில் வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டார்கள். தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு வாய்கூட இறங்கவில்லை.

துக்கக் காலமான இத்தா முடிந்து சில மாதங்கள் ஆனபிறகு, நஸ்ரீன் போன் செய்தாள். "அண்ணா, அவரு போவாரே, அந்தக் கடைக்கி என்னக் கூட்டிட்டுப் போறீங்களா? ஒருதடவ பாக்கணும்." என் மனைவியும் வந்தாள். மூவரும் ரயிலில் போனோம். ரெஜினா அம்மா அவளைக் கட்டிக்கொண்டார். நீ எப்போதும் உட்காரும் நாற்காலி எது என்று நான் சொல்லவில்லை. அவளாகவே வேறொன்றில் உட்கார்ந்தாள்.

தட்டு வந்தது. அவள் ஒரு வாய் தின்றாள். நிதானமாக மென்றாள். இன்னொரு வாய். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதுக்காண்ணா அவரு இவ்ளோ அலைஞ்சாரு?"

நான் திகைத்துப் போனேன். "வெறும் தக்காளி. உப்புகூட கம்மி. நம்ம வூட்ல நான் வெக்கிற தக்காளிக் குழம்பு இத விட நல்லா இருக்கும்ணா" என்று சொல்லிச் சிரித்தாள். என் மனைவியும் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே நஸ்ரீனின் முகம் கோணியது. தட்டில் கண்ணீர் விழ விழ, ஒரு இழைகூட மிச்சம் வைக்காமல் தின்று முடித்தாள்.

திரும்பி வருவதற்காக சென்ட்ரலில் உட்கார்ந்திருந்தோம். என் மனைவி தண்ணீர் வாங்கப் போயிருந்தாள். நஸ்ரீன் வண்டி வரும் திசையைப் பார்த்தபடி பேசினாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ணா. கரண்ட் வெச்சதுலேந்து அவருக்கு வாயி காஞ்சே கெடக்கும். நாக்கு மேல்வாயில ஒட்டிக்கும். பஞ்சுல தண்ணி தொட்டு தொட்டு வெச்சிக்கிட்டே இருப்பேன். நீங்க வந்து பேசிட்டுப் போற அன்னிக்கி மட்டும் தண்ணி கேக்கவே மாட்டாரு. இன்னாங்க, இன்னிக்கி தண்ணி வேணாமான்னு கேட்டேன். அவன் சொல்றப்போ எச்சி ஊறுது நஸ்ரீன், அப்டின்னாரு. டாக்டர்கிட்ட கேட்டேன். அப்டியெல்லாம் அவ்ளோ சீக்கிரம் ஊறாதும்மான்னாரு. ஆனா பஞ்சு வெச்சவ நான்தானேண்ணா. எனக்குத் தெரியும்."

வண்டி வந்து நின்றது. ஆட்கள் முண்டியடித்தார்கள். நான் எழுந்திருக்க வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. என் மனைவிதான் வந்து தோளைத் தொட்டு எழுப்பினாள்.

நான் இன்னும் மாதம் ஒருமுறையாவது சென்னைக்குப் போகிறேன். சில சமயம் அந்த மாடியில், சில சமயம் புதிதாகத் திறந்த ஏதாவது கடையில் உட்கார்கிறேன். தட்டு வந்து முதல் வாய் நாக்கில் பட்டதுமே சொற்கள் எழுந்துவிடுகின்றன. புளிப்பு எங்கே பிடிக்கிறது, பூண்டு கருகியதா, கடி இருக்கிறதா, எண்ணெய் உதட்டில் நிற்கிறதா. கேட்க ஆளில்லை என்று என் வாய்க்குத் தெரியவில்லை. சொல்லி முடிக்கும்வரை அது விழுங்குவதில்லை.